ஓட்டுநர் அக்காவும் ஒரு வரிசை சுவிட்சும்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணைப் பணிமனையில் எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு குறுகலான திருப்பமானாலும் வண்டியை அலுங்காமல் வளைத்துவிடுவார். ஆனால் ஓர் எண்ணின் தலைமேல் இன்னொரு குட்டி எண் உட்கார்ந்திருந்தால் போதும், பள்ளி நாளிலிருந்தே அவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அவருடைய தங்கை கணினி பழுது பார்ப்பவள். ஒரு மத்தியானம், நின்றிருந்த வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வரிசையாக இருந்த விளக்கு சுவிட்சுகளைக் காட்டினாள்.

"கம்ப்யூட்டர் இப்படித்தான்க்கா எண்ணும். வலது ஓரத்து சுவிட்ச் ஒண்ணு. அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு. எதெல்லாம் எரியுதோ அதைக் கூட்டிக்கோ. எரியிறதுக்கு ஒண்ணு, அணைஞ்சதுக்கு பூஜ்யம்னு எழுதினா அதுதான் ரெண்டடிமானம்."

"அட, இவ்வளவுதானா?"

அன்றிலிருந்து வண்டி நிற்கும்போதெல்லாம் அக்கா சுவிட்சுகளைத் தட்டித் தட்டி எண்ணத் தொடங்கினார்.

"பேட்டரி இறங்கினா நீங்கதான் தள்ளணும்," என்று நடத்துநர் முனகுவார்.

நடத்துநருக்குப் பத்திரிகைப் புதிர் என்றால் உயிர். ஒரு வாரம் அவர் உரக்கப் படித்தார்: "பன்னிரண்டு எட்டை ஒண்ணோடொண்ணு பெருக்கு. அஞ்சு நாலைப் பெருக்கி அதோட கூட்டு. பதினாறைக் கழி. வந்ததை ரெண்டடிமானத்துல எழுதினா எத்தனை ஒண்ணு வரும்?"

கைபேசி காட்டிய நீளமான எண்ணை இரண்டு இரண்டாக வகுத்து வகுத்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா சுவிட்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டுன்னா மூணு தடவை இரட்டிக்கிறது. பன்னிரண்டு எட்டுன்னா முப்பத்தாறு தடவை. எங்கேயோ தூரத்துல ஒத்தை விளக்கு எரியுது, அவ்வளவுதான். அஞ்சு நாலும் அப்படித்தான், பத்து தடவை இரட்டிச்சா இன்னொரு ஒத்தை விளக்கு."

"கழிக்கணுமே?"

"பதினாறைக் கழிச்சா அந்த ரெண்டாவது விளக்கு அணையும். அதுக்கு வலது பக்கத்துலேருந்து பதினாறு வரைக்கும் எல்லாம் எரியும். அது ஆறு. தூரத்து விளக்கோட ஏழு."

முன் இருக்கையிலிருந்த தையல்கார அம்மா, "எனக்குப் புரியலையே, செஞ்சு காட்டுங்க," என்றார்.

அக்கா அறுபத்து நாலுக்கான சுவிட்சை மட்டும் போட்டார். கடைசி வரிசைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. "இதுல நாலைக் கழிக்கிறேன்," என்று அதை அணைத்து, வலப்பக்கம் முப்பத்திரண்டிலிருந்து நாலு வரை தட்டினார். நான்கு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. தையல்கார அம்மா விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "அறுபது! சரியா இருக்கே," என்று கை தட்ட, பின்னாலிருந்தவர்களும் தட்டினார்கள். காரணம் தெரியாமல் தட்டியவர்களே அதிகம்.

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்த விடையும் ஏழுதான். பயந்து ஒதுங்கிய கணக்கு தானாக வந்து தோளில் கை போட்டதுபோல் இருந்தது அக்காவுக்கு. வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும் இரட்டித்துக்கொண்டே இருந்தார்.

நடத்துநர் சும்மா விடுவாரா? ஒருநாள் காலையில் புதிரோடு வந்தார்.

"ஒன்பது மூணை ஒண்ணோடொண்ணு பெருக்கி, அதுல ஒன்பதைக் கழிங்க. வந்ததை மூணடிமானத்துல எழுதணும். உங்க சுவிட்ச் இதுக்கு உதவாது."

அக்கா யோசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபேனை நினைச்சுக்குங்க," என்றார் நடத்துநர், சிரிப்பை அடக்க முடியாமல். "நிக்கும், மெதுவாச் சுத்தும், வேகமாச் சுத்தும். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. ஒவ்வொரு ஃபேனும் வலது பக்கத்து ஃபேனைப்போல மூணு மடங்கு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஒன்பது மூணுன்னா தூரத்துல ஒத்தை ஃபேன் மெதுவாச் சுத்தும். ஒன்பதைக் கழிச்சா அது நின்னுடும். அதுக்கு வலது பக்கம் ஏழு ஃபேன் வேகமாச் சுத்துது. கடைசி ரெண்டும் சும்மா நிக்குது. ஏழு ரெண்டு, ரெண்டு பூஜ்யம். சரியா?"

"சரிதான். இந்த ஃபேன் கணக்கை நானே கண்டுபிடிச்சேன்க்கா," என்றார் நடத்துநர். விசில் ஊதவே மறந்துபோய், அதையே வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.