கண்ணை மூடிய கும்பிடு

வெற்றிச்செல்வியின் பணி ஆணை அவளை 'மனித மதிப்பீட்டாளர்' என்கிறது. 'இயந்திரத்தின் முடிவுகளைச் சொந்த அறிவால் ஆராய்ந்து, தவறெனில் தயக்கமின்றித் திருத்தும் முழு அதிகாரம் உடையவர்.'

அரியலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவளுக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குள் இருக்கும் கேமரா, ஓட்டுநர் கண் மூடினால் அந்தக் காட்சியை அனுப்பும். அவள் 'தூக்கம்' அல்லது 'தூக்கமில்லை' என்று அழுத்த வேண்டும். தனியுரிமையை மதித்து முகத்தை மறைத்துவிடுவார்கள். முகத்தில் கண் மட்டும் தெரியும். 'தூக்கமில்லை' என்றால் காரணத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கேமராவோடு அடிக்கடி முரண்படுபவர்களை மேலாளர் ஜெயப்பிரகாஷ் அன்பாகக் கூப்பிட்டுப் பேசுவார். அப்படிப் பேசப்பட்ட ஒருத்தி இப்போது வேலையில் இல்லை. முழு அதிகாரம் உடைய வெற்றிச்செல்வி இதுவரை எதையும் திருத்தியதில்லை.

ஒரு மாலை கீழப்பழுவூர் போகும் பஸ்ஸில் காசிநாதன் ஏறினார். அவள் தெருக்காரர், லாரி ஓட்டுநர்.

"என்ன சித்தப்பா, பஸ்ல வரீங்க?"

"வண்டிய வாங்கிட்டாங்கம்மா. ஓட்டுறப்ப தூங்கிட்டேனாம்."

"தூங்கினீங்களா?"

"மாரியம்மன் கோயிலாண்ட ஒரு கும்பிடு போட்டேன். நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு எவனாச்சும் தூங்குவானா?"

"கண்ணத் தொறந்துக்கிட்டுக் கும்புடக் கூடாதா?"

"அதுக்குப் பேரு வேடிக்க பாக்குறது."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. போன வாரம் அந்தக் காட்சி அவள் திரைக்கு வந்திருந்தது. மூடிய கண், நெஞ்சில் ஒரு கை, பக்கக் கண்ணாடிக்கு வெளியே கோயில். கோயிலைப் பார்த்ததும் அவள் கையும் பழக்கத்தில் கன்னத்தைத் தொட்டது. தொட்ட கையாலேயே 'தூக்கம்' என்று அழுத்தினாள். அது சித்தப்பா என்று அப்போது தெரியாது. தெரியாதது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை.

"மனு குடுத்திருக்கேன். இதுவும் போச்சுன்னா எவனும் வண்டி தர மாட்டான்" என்றார். "மிஷினுக்கு என்ன தெரியும்? நம்மூரு மனுசங்க யாராச்சும் பாத்தா விட்டுருவாங்க."

"ஆமா சித்தப்பா" என்றாள்.

கோயில் வந்தது. அவர் கண்ணை மூடினார். அவள் மூடவில்லை.

மறுநாள் அந்த மனு, மறுபார்வைக்கு என்று அவள் திரைக்கே வந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் 'சாமி கும்பிடுகிறார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதியும் விட்டாள். கீழே இன்னொரு கேள்வி இருந்தது: முதல் முறை தவறாக மதிப்பிட்டது யார்? ஜெயப்பிரகாஷ் தன்னை அன்பாகக் கூப்பிடுவது அவள் காதில் கேட்டது. ஓடும் லாரியில் கண் மூடுவது ஆபத்துதானே என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிப் பார்த்தாள். திரை கேட்டது அதை அல்ல.

எழுதியதை அழித்துவிட்டு, மறுபடியும் 'தூக்கம்' என்று அழுத்தினாள்.