கவ்வாத்து மலையில் கொழுந்து பறித்த கதை

பயணக் கட்டுரை எழுதும் தொழிலில் கால்வலியை விட, போகாத இடத்துக்குப் போனதாக எழுதிவிட்டுப் படும் அவமானம்தான் அதிகம். இந்தப் பாவத்தைச் செய்திருக்கும் சக எழுத்தாளர்களே, என் முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பட்டதைச் சொல்கிறேன்.

பனியைக் குறையுங்கள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டம் பற்றிய அத்தியாயத்தை ஹட்டனில் என் அறையில் உட்கார்ந்து, போன வருடம் ஒரு நண்பனின் வண்டியில் போய் எடுத்த படங்களைப் பார்த்தே எழுதினேன். முதல் பக்கத்திலேயே ஏழு இடத்தில் மூடுபனி. மளிகைக் கடை நானாவிடம் படிக்கக் கொடுத்தேன். பருப்பு நிறுத்துக்கொண்டே படித்து முடித்தார்.

“பனியெல்லாம் நல்லா இருக்கு தம்பி. அங்க போக எந்த பஸ்ல ஏறணும்னு எழுதல்லையே?”

எனக்கே தெரியாது. வெட்கத்தில் மறுநாளே கிளம்பினேன்.

ஆளைப் பேச விடுங்கள்

தலவாக்கலையில் பஸ் மாறினேன். பக்கத்தில் ஒரு தோட்டத்து அம்மா. எழுத்தாளன் சும்மா இருப்பானா? இந்த மலைகளைப் பார்த்தால் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டு, குறிப்பெடுக்கும் கொப்பியையும் விரித்தேன்.

“துணி காயப்போட்டுட்டு வந்துட்டேங்க. மழை வந்துருமோன்னு தோணுது.”

போய்ப் பார்த்து எழுதுங்கள்

அத்தியாயத்தின் நாயகி செல்வராணி அக்கா, கொழுந்து பறிப்பவர். போன வருடம் எனக்குச் சோறு போட்டவர். அவருடைய லயத்து வரிசை வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் முன்னால் பெருமையாக வாசித்தேன்: ‘போன வாரம் லயத்துக்குப் பின்னால் உள்ள மலையில் நின்றேன். செல்வராணியின் விரல்கள் கொழுந்தில் நடனமாடின.’

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். மலை முழுக்க, மறுபடி துளிர்ப்பதற்காக வெட்டிவிட்ட, இலையே இல்லாத தேயிலைக் குச்சிகள்.

“கவ்வாத்து வெட்டி ஒரு மாசம் ஆச்சு தம்பி. குச்சியிலயா நான் கொழுந்து பறிச்சேன்? எம்பேர எடுத்துருங்க. நான்தான் பொய் சொன்னேன்னு ஆளுங்க நெனப்பாங்க.”

அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பெயர் இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தில் மிஞ்சுவது ஏழு மூடுபனிதான்.

பெரட்டுக்குப் போங்கள்

அங்கேயே தங்கி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அக்காவோடு போனேன். அன்று கொழுந்து எடுத்த மலை இரண்டு மைல் தள்ளி. ஏறினேன், வழுக்கினேன், அட்டைகளுக்கு இரத்த தானம் செய்தேன். சாயங்காலம் புதிதாக எழுதியதை வாசித்தேன். அக்கா என் காலைப் பார்த்தார்.

“இப்ப எம்பேர போடுங்க. அட்டை கடிச்சதையும் போடுங்க, அப்பதான் நம்புவாங்க.”

புத்தகம் தாமதமாகத்தான் வந்தது. அதில் மூடுபனி இருப்பது ஒரே இடத்தில், நான் வழி தெரியாமல் திரும்பவும் கவ்வாத்து மலைக்கே போய் நின்ற இடத்தில்.