ஸ்டெல்லா அழுத்திப் பார்த்த கிலுகிலுப்பை

எங்கள் ஒன்பது மாத மகளுக்கு ஆசை ஆசையாக ஒரு மரக்கட்டில் வாங்கினோம். வெள்ளை நிறம், வளைந்த கால்கள், அடியில் துணி வைக்க இழுப்பறை என்று அவ்வளவு அழகு! அதற்குப் பொருத்தமாக, புதுவாயலில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த மஞ்சள் கிலுகிலுப்பையையும் நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். குழந்தை அதை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்க்கும் வேலை செய்கிறாள். ஞாயிறன்று வந்தவள் கட்டிலை ஆட்டிப் பார்த்து, சட்டங்களின் ஓரமெல்லாம் விரலால் தடவினாள்.

"ஷோக்கா கீதுக்கா! ஒரு எடத்துல கூட பிசிறு இல்ல" என்றாள்.

பிறகு கிலுகிலுப்பையை வாங்கி, இரு பாதிகளும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது சட்டென்று பிளந்து, உள்ளிருந்த மணிகள் தரையெங்கும் சிதறின.

"இன்னாக்கா இது! கொயந்த வாயில போயிருந்தா இன்னா ஆவறது?"

நான் மகளைத் தூக்கி இறுக அணைத்துக்கொண்டேன். ஸ்டெல்லாவோ முட்டி போட்டு, கடைசி மணியைப் பொறுக்கிய பிறகுதான் எழுந்தாள்.

இப்போது பழைய பொம்மை எது வந்தாலும் கழுவுவதோடு விடுவதில்லை. அவளைப் போலவே அழுத்தி, முறுக்கி, இழுத்துப் பார்க்கிறேன். சந்தேகம் வந்துவிட்டால், மகள் எவ்வளவு அழுதாலும் கொடுப்பதில்லை.