பச்சையில் நின்ற பெயர்

தினமும் இருபது சொற்களை முடித்துவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் மகளின் பெயர் நிலைத்திருக்கும் என்று அந்தக் குடும்பம் நம்பியது. அந்த நம்பிக்கையை விதைத்தவள் நான்தான்.

நல்லூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர், பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பத்தினர். காலையில் படித்த சொல் மாலையில் நினைவில் நிற்பதில்லை என்ற குறையைத் தீர்க்க, பிளஸ் டூ வகுப்புக்கு ஒரு செயலியைக் கொண்டுவந்தேன். திரையில் ஆங்கிலச் சொல் வரும். தொட்டால் பொருள் தெரியும். நினைவிருந்தால் பச்சைப் பொத்தான், மறந்திருந்தால் சிவப்பு. சிவப்பு அழுத்திய சொல் மறுநாளே திரும்ப வரும். பச்சை அழுத்தியது நான்கு நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று தள்ளிப்போகும். யார் எத்தனை முடித்தார்கள், அதில் எத்தனை சிவப்பு என்பதை என் கணினி காட்டும்.

பெற்றோர் கூட்டத்தில், "முடிக்காதவங்க பேரு எனக்குச் செவப்புல காட்டுமுங்க" என்றேன். எதிரே அமர்ந்திருந்தவர்கள், பழுதான பனியன் பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதை அன்றாடம் பார்ப்பவர்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பிலேயே அதிகமாகச் சிவப்பு அழுத்தியவள் முத்துமாரி. சோம்பலால் அல்ல, நேர்மையால். பொருள் பாதி நினைவிருந்தாலும் மறந்தேன் என்றே அழுத்துவாள். அதனால் அவளிடம் தங்கிய சொற்கள் உறுதியாகத் தங்கின. கல்லூரிக்குப் போவாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சில நாட்களில் அவளுடைய தாய் செல்லத்தாய் போன் செய்து, மகளுக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னார். அம்மை கண்ட வீட்டுக்கு வெளியாட்கள் போவதில்லை, நானும் போகவில்லை. பிறகு தங்கைக்கும் கண்டுவிட்டது என்றார். செயலியில் மட்டும் முத்துமாரி ஒருநாளும் தவறவில்லை. இருபதுக்கு இருபது. வகுப்பில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன், அவள் இல்லாத வகுப்பில்.

கணக்கு ஆசிரியைதான் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், அம்மை அஞ்சு வாரமாவா இருக்கும்? ஒருக்கா ஊட்டுக்குப் போயிட்டு வாங்க."

"தெனமும் படிக்கிறாளுங்க, பாருங்க" என்று திரையைக் காட்டினேன். காட்டும்போது நானும் பார்த்தேன். ஐந்து வாரத்தில் ஒரு சிவப்புகூட இல்லை.

அன்று மாலையே போனேன். வாசலில் வேப்பிலை இல்லை. உள்ளே தகப்பனார் கையில் கட்டுடன் படுத்திருந்தார். சாயப் பட்டறையில் கொதிநீர் கொட்டிய கை. முத்துமாரி ஒரு கம்பெனியில், தைத்த பீஸில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீட்டின் ஒரே போன் தாயிடம் இருந்தது. ஆங்கில எழுத்தே அறியாத செல்லத்தாய், தான் வேலை செய்யும் கம்பெனியில் டீ இடைவேளையில் நாள்தோறும் இருபது முறை பச்சையை அழுத்தி வந்திருக்கிறார்.

"நான்தான் அமுக்குனேன் டீச்சர். செவப்புல போயிரும்னு நீங்கதான சொன்னீக. அவுக கை ஆறுற வரைக்கும் பிள்ள பேரு நிக்கட்டும்னு அமுக்குனேன்."

அப்போது வேலையிலிருந்து வந்த முத்துமாரி, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடி சிரித்தாள். "எங்கம்மா என்னையவிட நல்லாப் படிச்சிருக்கு டீச்சர். ஒரு செவப்புகூட இல்ல."

அவள் திரும்பப் படிக்க வேண்டிய சொற்கள் எல்லாம், தெரிந்தவை என்ற கணக்கில் தேர்வுக்கு அப்பால் தள்ளிப்போயிருந்தன.

அவளைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவர, தலைமையாசிரியரிடமும் கம்பெனி சூப்பர்வைசரிடமும் பேசினேன். எவரும் கடுமையாகப் பேசவில்லை, எதுவும் நடக்கவுமில்லை. தகப்பனாரின் விரல்கள் மடங்கவே இல்லை. பொதுத்தேர்வில் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. அடுத்த ஆண்டு அவள் ஓவர்லாக் மெஷினில் டெய்லர்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். தடுமாறிப் படிக்கும் பிள்ளை திடீரென்று ஒரு பிழையும் இல்லாமல் படித்தால், பாராட்டாதீர்கள். எழுந்து அவள் வீட்டுக்குப் போங்கள். அம்மை என்றாலும் வாசல் வரை போங்கள். நான் ஐந்து வாரம் தாமதித்தேன்.

பதிவேட்டுக்கும் செயலிக்கும் தொடர்பில்லை என்று செல்லத்தாயிடம் இருமுறை விளக்கினேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். செயலியின் பட்டியலை மட்டும் இன்னும் என் கணினியில் திறந்து பார்க்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செயலியிலிருந்து விலகிவிட்டார்கள். நாளும் இருபது சொற்களோடு அதில் இன்னும் இருப்பவர் செல்லத்தாய் மட்டுமே, மகளின் பெயரில்.