ஆடி வெள்ளியும் பதினொரு பூக்களும்

நோபல் பார்க் என்ற புறநகரில் இருபத்தாறு வருடங்களாக வசிக்கும் விக்னராஜா நேர்மையான மனிதர். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. பிறர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்ததில்லை. டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதில்லை. காலை நடையில் அயலவர் வேலிகளில் பூப் பறிப்பார், அவ்வளவுதான். பிள்ளையாருக்குப் பறிப்பது களவில் சேராது என்பது அவரே இயற்றி, அவரே ஒப்புதல் அளித்த சட்டம். அதை அமல்படுத்தத் தயிர் டப்பா ஒன்றும் வைத்திருந்தார்.

ஜூலை மாதம் இந்தச் சட்டத்துக்குச் சோதனைக் காலம். இந்த நாட்டில் அது நடுக்குளிர், தெருவில் பூவே இராது. ஆடி வெள்ளியோ காத்திருக்காது.

பக்கத்து வீட்டு நர்ஸ் சத்தியபாமா நான்கு வருடங்களுக்கு முன் விச் ஹேசல் செடி ஒன்று வாங்கி வந்தாள். நடுக்குளிரில், இலையே இல்லாத கொம்பில் பூக்கும் செடி. குழி தோண்டிக் கொடுத்தவர் விக்னராஜாதான். தொட்டியைப்போல இரு மடங்கு அகலம், ஆழம் மட்டும் தொட்டியளவு. ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே. நாற்பது டிகிரி வெயில் நாட்களில் அவள் வேலை முடிந்து வந்து, தூங்காமல் வாளியில் தண்ணீர் சுமந்தாள். மூன்று குளிர்காலம் போனது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

நான்காவது வருட ஆடி வெள்ளி. வெளிச்சம் வராத காலை. வேலிக்கு மேலே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். காகிதத்தை நறுக்கியதுபோல இதழ்கள். மூளை வந்து சேருவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. டப்பாவில் பதினொன்று. கொம்பில் ஒன்றுமில்லை.

ஒன்பது மணிக்குச் சத்தியபாமா கதவைத் தட்டினாள்.

"அங்கிள், நேத்துதான் பூத்துச்சு! சாயங்காலம் வார்டுல இருந்து நாலு பேரைப் பாக்கக் கூப்பிட்டிருக்கேன். இப்பப் போய்ப் பாத்தா ஒண்ணுகூட இல்ல. பொசம் தின்னுருச்சு போல, கூரை மேல ஓடிட்டே இருந்துச்சு."

"ஓம், ஓம். பொசம்தான். பூனையளவுதான், பூவெல்லாம் தின்னும். பொல்லாத சாமான்."

சொன்னதோடு நிற்கவில்லை, குற்றவுணர்ச்சி மனிதனை உழைக்க வைக்கும். வலை வாங்கி வந்து, வெறுங்கொம்பைச் சுற்றிப் பொசம் நுழையாதபடி முக்கால் மணி நேரம் கட்டினார். அவள் ஏணியைப் பிடித்தபடி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு நன்றிக்கும் அவர் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டார்.

வீட்டில் மனைவி சிவகௌரி, மஞ்சள் பூச் சூடிய பிள்ளையாரைப் பார்த்தபடி நின்றாள். "இஞ்சேருங்கோ, பொசம் எப்ப தொடக்கம் கண்ணாடி போடுது?"

நான்கு மணிக்கு வேலிக்கரையில் போய் நின்றார்.

"பிள்ளை... அந்தப் பொசம் நான்தான்."

"எல்லாத்தையுமா அங்கிள்?"

"ஓம்."

"ஒண்ணாவது விட்டிருக்கலாம்ல. நீங்கதானே குழி தோண்டினீங்க."

"பூ பிள்ளையாரிட்ட வாடாமல் இருக்கு. வாற ஆக்களை எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பிள்ளை."

ஐந்து மணிக்கு நான்கு நர்ஸ்மாரும் சத்தியபாமாவும் விக்னராஜா வீட்டு வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். பிள்ளையாரின் தலையில் அவளுடைய நான்கு வருடங்கள் மணத்தன. படம் எடுத்தார்கள். யார் பறித்தது என்று ஒருத்தி கேட்டாள்.

"பொசம்," என்றாள் சத்தியபாமா, சிரிக்காமல்.

குசினியில் பொசம் ஐந்து பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது.