தனத்தின் கட்டைவிரலும் நவாப்பின் கட்டியும்

நவாப்புக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தனத்தின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. ஹார்ட்." அதற்கு மேல் அவனுக்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை.

நவாப் என் முயல். வயது ஒன்பது. என் முயல் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். தனத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் என் மடியை உதைத்துவிட்டு ஓடுவான்.

எங்கள் ஹப்சிகுடா ஏரியாவில் தனத்தை அறிந்த உங்களுக்கு என் பொறாமையும் தெரியும், மறைத்து என்ன? நாச்சாரம் மருந்துக் கம்பெனியில் இருவரும் ஒரே மேசையில் மாத்திரை அட்டை அடுக்கினோம். அவள் வாயடித்துக்கொண்டே கட்டைவிரலால் அட்டையைத் தடவுவாள். மாத்திரை விழாத குழியில் விரல் தானாக நின்றுவிடும். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தும் கோட்டை விடுவேன். "கண்ண மூடு, அப்பதான் விரலு பாக்கும்ட்டி" என்பாள். மூடிப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது.

போன கோடையில் அந்த விரல் நவாப்பின் தாடைக்கடியில் நின்றது.

"ஏட்டி சாந்தி, இங்க ஒரு கட்டி இருக்கு."

"அது கொழுப்பு. உனக்கு இருக்க மாதிரி."

தினமும் தூக்கும் என் கைக்குத் தட்டுப்படாதது அவள் கைக்கு மட்டும் எப்படி?

தார்நாக்காவில் இருக்கும் மிருக டாக்டர் ஊசி குத்திப் பார்த்தார். என்ன கட்டியென்று அதிலும் தெரியவில்லை. வெட்டினால் இந்த வயதில் மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம், விட்டால் வளரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். "நக்கோட்டி, வெட்டவேணாம், பொறுத்துப் பாப்போம்" என்றாள் தனம். அவள் அப்படிச் சொன்னதற்காகவே நான் "வெட்டுங்க" என்றேன். முயலின் உயிரை வைத்து அவளோடு வம்புக்கு நின்றிருக்கிறேன்.

என் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு என்னைப் பட்டினி போட்டார்களே, அதுபோல நவாப்பையும் போட்டேன். காலையில் தனம் கொத்தமல்லிக் கட்டோடு வந்தாள்.

"வயித்தக் காயப்போடாதட்டி, பாவம்."

"நீ என்ன பெரிய டாக்டரா? தள்ளிப் போ!"

ஆனாலும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். விஷயம் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முயலைப் பட்டினி போடவே கூடாதாம், குடல் நின்றுவிடுமாம். முதலில் சாப்பிட வையுங்கள், இன்று கத்தி வேண்டாம் என்றார்.

என் கையிலிருந்து தின்னாதவன் அவள் கையிலிருந்து தின்றான். எனக்கு அழுகையும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. தனம் சொல்லிக்காட்டவே இல்லை. அது இன்னும் எரிச்சல்.

"திங்கான், ஓடுதான், தொட்டா சுளிக்கல. இப்ப பட்டாணி அளவுதான். சுண்டக்கா அளவு ஆனா வெட்டிருவோம். முயல் உன்னோடது, நீ சொல்லுட்டி."

சரி என்றேன். டாக்டரும் சரி என்றார். அளவுக்கு ஒரு காய்ந்த பட்டாணியை என் அஞ்சறைப்பெட்டியில் போட்டுவைத்தாள். ஞாயிறுதோறும் வந்து தடவிவிட்டு, "பட்டாணிதான்ட்டி" என்று சொல்லிக் காபி குடித்துப் போவாள்.

அவள் இல்லாத முதல் ஞாயிறன்று கண்ணை மூடிக்கொண்டு நானே தடவினேன். தூக்கம் வரவில்லை. விரல் நின்றது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒத்துப் பார்த்தேன். அவள் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒற்றைப் பட்டாணியும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையும்தான். இரண்டையும் யாருக்கும் தரமாட்டேன்.

"பட்டாணிதான்ட்டி" என்று எதிர்க் கதவைப் பார்த்துச் சொன்னேன். நவாப் என் மடியை உதைத்துவிட்டு ஓடி, அந்தக் கதவடியில் படுத்துக்கொண்டான்.

செத்த பிறகும் என்னை ஜெயிக்கிறாள், பாருங்கள்.