கூறைச் சேலையில் ஒட்டிய கோலம்

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், மூவார் ஆற்றோரம் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மணைப்பலகைக்குக் கோலம் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இரண்டு பலகைகளிலும் அரிசி மாவைக் கரைத்து இழை இழுத்து, சுற்றிலும் காவி பூசுவேன். எனக்குப் பிள்ளையில்லை. மற்ற விசேஷங்களில் பின்னால் நிற்கிறவள், அன்று மட்டும் முன்னால் உட்காருவேன்.

அதற்கும் போட்டியாக வந்து சேர்ந்தாள் ஒருத்தி. ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்தவள். எனக்கு அடுத்த வீடு. முதல் வெள்ளிக்கிழமையே வாசலில் மாக்கோலம் போட்டாள். மாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் வைத்துப் பிழிய, மோதிர விரல் வழியாக இழை இறங்கியது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கனம். என் கோடு வளைவில் தடித்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டேன்.

கங்காணி மகள் கல்யாணத்தில் பெண்ணின் பலகையை எனக்கும், மாப்பிள்ளையின் பலகையை அவளுக்கும் கொடுத்தார்கள். பாதிப் பதவி பறிபோன மாதிரி இருந்தது. அவள் கோலம் காய்ந்தபின் தேய்த்தாலும் உதிராது. என்னுடையது பொருக்குப் பொருக்காக உதிரும். கேட்டிருந்தால் பக்குவத்தைச் சொல்லியிருப்பாள். நான் கேட்பேனா? தினமும் ரப்பர் மரம் சீவுகிறவளுக்குத் தெரிந்த ஒட்டும் பொருள் ஒன்றுதான். ரப்பர் பாலில் கொஞ்சம் எடுத்து மாவில் கலந்துவிட்டேன்.

கோலம் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. தாலி கட்டி முடிந்து, மணவறையைச் சுற்றப் பெண் எழுந்தாள். பலகையும் கூடவே எழுந்தது. கூறைச் சேலை கோலத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

"அலமாக்! அய்யய்யோ, எவ கைவேலைடி இது?" என்று பெண்ணின் தாய் கத்தினாள்.

அடுத்த வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்கம்மா. அக்காகிட்ட கேட்டுப் பலகைய மாத்திக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, சேலையை நூல் இழுபடாமல் பிரித்தெடுத்தாள். திட்டெல்லாம் அவளுக்கு. மாப்பிள்ளைப் பலகையைக் காட்டி, "அனுபவம்னா இதுதான்" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். இடுப்பில் இருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி, "எனக்கு ஆயிரம் வேல இருக்குக்கா. உங்களுக்கு இது ஒண்ணுதானே" என்றாள். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதற்கப்புறம் அவளை ஒரு கல்யாணத்துக்கும் மணைக்கோலம் போடக் கூப்பிடவில்லை. எல்லாம் எனக்கே வந்தது. "கங்காணி வீட்டு மாப்பிள்ளைப் பலகையில போட்டீங்களே, அதே மாதிரி போடுங்க" என்பார்கள். ஒரு தடவைகூட அது என் கைக்கு வரவில்லை.

அவளிடம் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே மன்னித்திருப்பாள். நல்லவள் என்ற அந்தப் பெயரையும் அவளுக்கு வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.